கையெழுத்து உங்களுடையது

அமெரிக்க மாநிலங்களிலும் பழங்குடி நிலங்களிலும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு உரிமம் வழங்கும் ஆணையங்களின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களே,

உங்கள் ஊரில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டையை ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து பார்க்கும் இந்திய ரசிகர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு ஓட்டுப் போடுகிறவன் இல்லை, வரி கட்டுகிறவனும் இல்லை. ஆனால் இந்த விளையாட்டின் பெரிய பணம் உங்கள் ஊர்களில்தான் புரள்கிறது. நீங்கள் கண்டிப்பாக இருந்தால் மணிலாவில் பயிற்சி எடுப்பவரும் மெக்சிகோவில் பயிற்சி எடுப்பவரும் ஒழுங்காக இருப்பார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் கொண்டாட்டம். பார்வையாளன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு குத்துச்சண்டை வீரரின் ரத்தத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவர் யார்? நீங்களா, சோதனை நடத்தும் தனியார் அமைப்பா, பட்டம் கொடுக்கும் அமைப்பா, புரொமோட்டரா? சட்டத்தைப் பார்த்தால் நீங்கள்தான். நடப்பதைப் பார்த்தால் உங்களைத் தவிர மற்ற எல்லோரும். அந்த அதிகாரத்தை உங்களிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. செலவு, தலைவலி, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி நீங்களாகவே அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லாஸ் வேகாஸில் 2015 மே 2 அன்று இரவு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் மோதிய அந்தச் சண்டைக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு இருந்தது. 2010 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது, ரத்தச் சோதனை விவகாரத்தில் முறிந்துபோனது. எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி ரத்தம் எடுக்க வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. சண்டை நெருங்கும் நாட்களில் ரத்தம் எடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், அதற்கு ஒரு கெடு வேண்டும் என்றது பாக்கியாவ் தரப்பு. எத்தனை நாள் கெடு என்பதில் பேரம் நடந்து, பேரம் படியாமல் சண்டையே நின்றுபோனது. இதில் கவனிக்க வேண்டியது, பேரம் பேசியவர்கள் யார் என்பது. இரண்டு வீரர்களின் ஆட்களும் அவர்களுடைய புரொமோட்டர்களும். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அந்தக் காலத்தில் சிறுநீர் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. ரத்தம் எடுப்பதா வேண்டாமா என்று ஒரு வரி விதி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு, இரண்டு முகாம்களுக்கு இடையிலான வாய்ச்சண்டையாக ஐந்து வருடம் இழுத்தது.

கடைசியில் சண்டை நடந்தபோது, சோதனைப் பொறுப்பு உசாடா எனப்படும் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் ஒப்பந்தம் மூலம் ஒப்படைக்கப்பட்டது. ஒலிம்பிக் வீரர்களைச் சோதிக்கும் அமைப்பு அது. அங்கே அதற்குச் சட்டபூர்வமான இடம் உண்டு. குத்துச்சண்டையில் அது காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஒப்பந்ததாரர், அவ்வளவுதான்.

மே 1 அன்று எடை பார்த்து முடித்தபின் மேவெதர் தன் வீட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். உப்புநீரும் வைட்டமின்களும் சேர்ந்து 750 மில்லி. அந்தத் திரவத்தில் தடை செய்யப்பட்ட எதுவும் இல்லை. ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அன்றைய விதிப்படி ஆறு மணி நேரத்தில் 50 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றக் கூடாது. ரத்தத்தையும் சிறுநீரையும் நீர்த்துப்போகச் செய்து வேறு எதையாவது மறைக்க உதவும் என்பதால் அந்த வரம்பு. சிகிச்சைக்கு அவசியம் என்றால் விலக்கு வாங்கலாம். உசாடா அந்த விலக்கைக் கொடுத்தது. எப்போது? சண்டை முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து. பிறகுதான் நெவாடா ஆணையத்துக்கும் பாக்கியாவ் தரப்புக்கும் தகவல் போனது. செப்டம்பரில் பத்திரிகையாளர் தாமஸ் ஹாசர் இதை எழுதும்வரை ரசிகர்களுக்கு எதுவும் தெரியாது.

மேவெதரின் சோதனை முடிவுகள் எல்லாம் சுத்தமாகவே இருந்தன. டிரிப்ஸ் ஏற்றுவதை அவர் முன்கூட்டியே தங்களிடம் சொல்லிவிட்டார் என்றும், நெவாடா விதியில் அது தடையே இல்லை என்றும் உசாடா பதில் சொன்னது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. நான் சொல்லவும் இல்லை. நான் பார்ப்பது வேறு. நெவாடா ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த பாப் பென்னட், விலக்கு கொடுக்கும் அதிகாரம் தங்கள் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு, உசாடாவுக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சரியான பேச்சு. ஆனால் அதிகாரம் உள்ளவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கடிதம் வருகிறது என்றால், அந்த அதிகாரத்துக்கு என்ன பொருள்?

அதே இரவின் இன்னொரு பக்கமும் உண்டு. பாக்கியாவுக்குப் பயிற்சியின்போது வலது தோளில் காயம். வலி குறைக்க டோரடால் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று அவர் தரப்பு உசாடாவிடம் முன்பே கேட்டு, தடையில்லை என்று பதிலும் வாங்கியிருந்தது. சண்டை இரவில் உடைமாற்றும் அறையில் ஊசியைக் கேட்டபோது நெவாடா ஆணையம் மறுத்துவிட்டது. முந்தைய நாள் நிரப்பிய மருத்துவப் படிவத்தில் தோள் காயம் இல்லை என்று குறிக்கப்பட்டிருந்ததே காரணம். ஆணையம் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. தெரியாத காயத்துக்குக் கடைசி நிமிடத்தில் ஊசி போட எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். இருவரும் உசாடாவிடம் சொன்னார்கள், உசாடா இருவருக்கும் சரி என்றது. ஒருவர் விஷயத்தில் ஆணையம் குறுக்கே நின்றது, இன்னொருவர் விஷயம் ஆணையத்துக்கே தெரியாது. ஒரு சண்டைக்கு இரண்டு எசமானர்கள் இருந்தால் நீதி இப்படித்தான் நடக்கும். நுழைவுச்சீட்டில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்த சண்டைக்கே இந்தக் கதி.

இனி உங்கள் கையில் உள்ள சட்டத்துக்கு வருகிறேன். தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம் 1996-ல் வந்தது. முகமது அலி பெயரிலான சீர்திருத்தச் சட்டம் 2000-ல் வந்தது. முதல் சட்டம் பாதுகாப்புக்காகக் கேட்பவை நான்கு: மருத்துவப் பரிசோதனை, ஆம்புலன்ஸ், ரிங் ஓரத்தில் மருத்துவர், மருத்துவக் காப்பீடு. ஊக்கமருந்துச் சோதனை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சோதனையில் தோற்ற ஒருவரை ஓர் ஆணையம் இடைநீக்கம் செய்தால் மற்ற ஆணையங்களும் அவரை ரிங்கில் ஏற்றக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, தண்டனைக்கு மதிப்பு கொடுக்கச் சொன்ன சட்டம், சோதனை செய்யச் சொல்லவில்லை. எந்த மருந்துகள், எந்த நாட்கள், யார் செலவு எல்லாவற்றையும் உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. உங்கள் ஆணையங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அது வழிகாட்டுதல் எழுதலாம், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம் வேண்டும் என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் பல ஆண்டுகள் முட்டிமோதினார், அது சட்டமாகவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் 2011-ல் தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கம் பிறந்தது. நெவாடாவில் ரிங் ஓர மருத்துவராக இருந்த நரம்பியல் மருத்துவர் மார்கரெட் குட்மன் தொடங்கியது. உங்கள் வேலையை உங்களைவிட நன்றாகச் செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் அமீர் கானுடன் மறுசண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்த லாமோன்ட் பீட்டர்சனிடம் செயற்கை டெஸ்டோஸ்டிரோனைக் கண்டுபிடித்தது இந்தச் சங்கத்தின் சோதனை. நீங்கள் அப்போது செய்துகொண்டிருந்த வழக்கமான விகிதச் சோதனையில் அவர் தேறிவிட்டிருப்பார். கார்பன் ஐசோடோப்புச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. 2018-ல் கானெலோ அல்வாரெஸிடம் கிளென்புடெரால், 2019-ல் ஜாரெல் மில்லரிடம் ஒன்றல்ல மூன்று தடைப் பொருட்கள், 2024-ல் ரையன் கார்சியாவிடம் ஆஸ்டரின். எல்லாம் இந்தச் சங்கத்தின் வேலை.

அப்படியானால் குறை எங்கே? ஒரு மாதிரியின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் தெரியும். பயிற்சி முகாமில் இருக்கும் வீரரின் வீட்டுக் கதவை விடியற்காலையில் ஒருவர் தட்டுகிறார். சட்டையை மார்பு வரை தூக்கச் சொல்கிறார், கண்ணெதிரே சிறுநீர் கழிக்கச் சொல்கிறார். அதை ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் ஊற்றி, மூடி முறுக்கி, எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும். அது லாஸ் ஏஞ்சலஸிலோ சால்ட் லேக் சிட்டியிலோ உலக முகமையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகிறது. இதுவரை சுத்தம். ஆய்வக அறிக்கை வந்த பிறகுதான் தகராறு. அறிக்கை யார் யாருக்குப் போக வேண்டும், எத்தனை நாளில் போக வேண்டும், எந்த மருந்துகளைத் தேட வேண்டும், சோதனை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதை எல்லாம் நிர்ணயிப்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குக் காசு கொடுப்பவர் புரொமோட்டர். சண்டை நடந்தால்தான் அவருக்குப் பணம். பரீட்சை எழுதுகிற பையனின் அப்பாவே கண்காணிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது. கண்காணிப்பாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஏற்பாடு கோணல்தான்.

அந்தச் சங்கத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அது செய்தி சொல்லும், அதோடு சரி. செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது உங்கள் வேலை. அந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதற்கு அரிசோனாவின் டூசான் நகரில் நடந்தது நல்ல உதாரணம்.

2021 செப்டம்பர் 10 அன்று, பட்டம் கொடுக்கும் அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் சூப்பர் ஃபெதர்வெயிட் சாம்பியன் ஆஸ்கர் வால்டெஸும் பிரேசிலின் ராப்சன் கான்செய்சாவும் மோத வேண்டும். இடம், பாஸ்குவா யாக்கி பழங்குடியினரின் நிலத்தில் உள்ள சூதாட்ட விடுதி. ஆகஸ்டில் தன்னார்வச் சங்கம் எடுத்த மாதிரியில் வால்டெஸிடம் ஃபென்டெர்மின் இருந்தது. பசியைக் கட்டுப்படுத்த, எடையைக் குறைக்கக் கொடுக்கப்படும் ஊக்கி அது. மூலிகைத் தேநீரில் வந்திருக்கலாம் என்றார் அவர். உலக முகமையின் பட்டியலில் அந்த மருந்துக்குப் போட்டி நாளில் மட்டும்தான் தடை. தன்னார்வச் சங்கத்தின் விதியிலோ ஆண்டு முழுவதும் தடை. இரண்டு வீரர்களும் அந்த விதிக்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எந்த விதி செல்லும்? பழங்குடி ஆணையம் உலக முகமையின் விதியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு அனுமதி கொடுத்தது. டபிள்யூ.பி.சி. பட்டத்தைப் பறிக்கவில்லை. வால்டெஸ் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார்.

பழங்குடி ஆணையத்துக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் உண்டு. மாநிலத்தின் தரத்துக்கோ ஆணையங்களின் சங்கம் வகுத்த வழிகாட்டுதலுக்கோ குறையாத விதிகளோடு சொந்தமாக ஆணையம் நடத்த அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே நான் அவர்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. எடை குறைக்கும் மருந்து, எடை குறைக்கும் வாரங்களில் உடம்பில் இருந்தால் பரவாயில்லை, மணி அடிக்கும்போது இல்லாவிட்டால் போதும் என்று ஒரு விதி சொல்கிறது. எடைப்பிரிவை வைத்தே நடக்கும் விளையாட்டுக்கு அது பொருந்துமா என்று உங்களில் யாராவது முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருக்க வேண்டாமா? கான்செய்சாவ் எந்த விதியை நம்பிக் கையெழுத்துப் போட்டாரோ, அந்த விதி அவர் ரிங்கில் ஏறும் முன்பே காற்றில் போய்விட்டது.

இனி புரூக்ளினுக்கு வாருங்கள். பார்க்லேஸ் சென்டர் அரங்கில் 2012 அக்டோபர் 20 அன்று முதல் குத்துச்சண்டை நிகழ்ச்சி. எரிக் மொராலெஸுக்கும் டேனி கார்சியாவுக்கும் பட்டச் சண்டை. மொராலெஸின் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளில் கிளென்புடெரால் இருந்ததை உசாடா கண்டுபிடித்திருந்தது. சண்டைக்கு முந்தைய இரண்டொரு நாளில்தான் அது வெளியே கசிந்தது. நியூயார்க் ஆணையம் என்ன செய்தது? சண்டையை நடத்தவிட்டது. மொராலெஸ் நான்காவது சுற்றில் வீழ்ந்ததால் பெரிய பேச்சாகவில்லை. அடுத்த ஆண்டு உசாடா அவருக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. அவர் கை ஓங்கி, டேனி கார்சியா ஸ்ட்ரெச்சரில் போயிருந்தால் அந்த அனுமதிக் கடிதத்தை இன்று யார் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அரங்கம், அதே ஆணையம், 2024 ஏப்ரல் 20. ரையன் கார்சியா 3.2 பவுண்டு கூடுதல் எடையோடு வந்து, டெவின் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளி ஜெயித்தார். சண்டைக்கு முந்தைய நாளும் சண்டை நாளிலும் எடுத்த மாதிரிகளில் ஆஸ்டரின் இருந்ததாகப் பிறகு முடிவு வந்தது. தெரிந்து எடுக்கவில்லை, சத்துணவுப் பொடியில் கலந்திருக்கிறது என்றார் கார்சியா. இந்த முறை நியூயார்க் ஆணையம் ஜூன் மாதத்துக்குள் முடிவெடுத்தது. வெற்றி ரத்து, ஓராண்டு இடைநீக்கம், 10 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பறிமுதல். தோல்வி அழிந்து ஹேனி மறுபடி தோல்வி காணாதவரானார். இதில் இன்னும் கடுமை வேண்டுமா என்று வாதம் செய்யலாம். ஆனால் ஓர் ஆணையம் மனம் வைத்தால் இரண்டே மாதங்களில் அரங்கத்தின் தீர்ப்பையே மாற்றி எழுத முடியும் என்பது அன்று நிரூபணமானது. 2012-க்கும் 2024-க்கும் இடையில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காகப் புதிய சட்டம் எதுவும் இயற்றவில்லை.

இன்னொரு சாட்சி நெவாடாவிலேயே இருக்கிறது, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியிலிருந்து. டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று மருத்துவரின் சீட்டு வாங்கி, ஊசி போட்டுக்கொண்டு களமிறங்குவது அங்கே பல ஆண்டுகள் சாதாரண விஷயமாக இருந்தது. 2014 பிப்ரவரி 27 அன்று நெவாடா ஆணையம் கூடி, இனி அந்த விலக்கு யாருக்கும் இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. அந்தப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனம் அன்றைக்கே அதைப் பின்பற்றுவதாக அறிவித்தது. அந்த விலக்கை நம்பியிருந்த வீட்டர் பெல்ஃபோர்ட் பட்டச் சண்டையிலிருந்து விலகினார். ஒரு கூட்டம், ஒரு வாக்கெடுப்பு, அவ்வளவுதான். அதிகாரம் இல்லை என்று உங்களில் யாராவது என்னிடம் சொன்னால் அந்தத் தேதியைத்தான் காட்டுவேன்.

ஆனால் உங்கள் கண்டிப்புக்குப் பக்கத்திலேயே ஓட்டைகளும் இருக்கின்றன. அல்வாரெஸின் கதையை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ மாட்டிறைச்சியில் கிளென்புடெரால் கலப்பது உண்மையிலேயே நடப்பதுதான், அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. நெவாடா ஆணையம் ஓராண்டுத் தண்டனையை ஒத்துழைப்புக்காகப் பாதியாக்கி, முதல் மாதிரி எடுத்த பிப்ரவரி 17-லிருந்து கணக்கிட்டது. ஆகஸ்டில் தண்டனை முடிந்தது. கொலோவ்கினுடன் மே மாதம் நடக்க இருந்து நின்றுபோன சண்டை, மெக்சிகோ சுதந்திர தின வாரத்தில், செப்டம்பர் 15-ல் லாஸ் வேகாஸிலேயே நடந்தது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சண்டை போடும் ஒருவருக்கு அந்தத் தண்டனையின் விலை, ஒரு தேதி தள்ளிப்போனதுதான்.

மில்லர் விஷயம் அதைவிட மோசம். 2019 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆன்டனி ஜோஷுவாவோடு மோத வேண்டியவர் அவர். மூன்று தடைப் பொருட்கள் வெளிப்பட்டதும் நியூயார்க் உரிமம் மறுத்தது. ஆனால் ஆறு மாதத் தடை விதித்தது உங்களில் யாரும் இல்லை, டபிள்யூ.பி.ஏ. என்ற பட்டம் கொடுக்கும் அமைப்பு. அடுத்த ஆண்டே லாஸ் வேகாஸில் அவருக்குச் சண்டை ஏற்பாடானது, மறுபடியும் பிடிபட்டார். அப்புறம்தான் நெவாடா இரண்டாண்டு இடைநீக்கம் செய்தது.

கடல் தாண்டிய தகராறுகளும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கின்றன. 2022 அக்டோபரில் லண்டனில் யூபேங்க் ஜூனியரோடு மோத இருந்த கானர் பென்னிடம் தன்னார்வச் சங்கத்தின் சோதனை குளோமிஃபீனைக் காட்டியது. சண்டை வாரத்தில் பத்திரிகை வெளியிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் தடை போட்ட பின்னும் நடத்திவிட வழி தேடினார்கள் புரொமோட்டர்கள். முட்டை அதிகம் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம் என்று டபிள்யூ.பி.சி. 2023-ல் அவரைத் தன் தரவரிசையில் மறுபடி சேர்த்தது. பிரிட்டனில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அவர் ஒர்லாண்டோவிலும் லாஸ் வேகாஸிலும் ரிங் ஏறினார். 2024 நவம்பரில், குற்றச்சாட்டு திருப்திகரமாக நிரூபிக்கப்படவில்லை என்று அங்குள்ள தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அவர் குற்றமற்றவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல், உரிமம் கொடுக்கத் தயாராக இன்னொரு வாசல் திறந்திருந்தது என்பதுதான் என் கவலை. அந்த வாசல் உங்களுடையது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். காசில்லை. பல மாநிலங்களில் உங்கள் ஆணையம் என்பது இரண்டு மூன்று ஊழியர்களும் ஒரு சிறிய அலுவலகமும்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. முன்னறிவிப்பில்லாத ரத்தச் சோதனை வாரக்கணக்கில் நடத்துவது செலவு பிடித்த காரியம். ஆனால் காசு கொடுப்பதும் கணக்குக் கேட்பதும் வேறு வேறு. சண்டை நடக்கும் இரவில் மருத்துவருக்கும் ஆம்புலன்சுக்கும் காசு கொடுப்பது புரொமோட்டர்தான். அதற்காக, சண்டையை நிறுத்தலாமா என்று மருத்துவர் புரொமோட்டரைக் கேட்பதில்லை; நடுவரிடம் சொல்கிறார், நடுவர் நிறுத்துகிறார். சோதனைக்கும் அதுவே போதும். செலவை அவர்கள் ஏற்கட்டும். அறிக்கை உங்களிடம் வரட்டும்.

காலம் அதிகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகமது அலி பெயரிலேயே இன்னொரு மசோதா 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் அறிமுகமானது. ஒருங்கிணைந்த குத்துச்சண்டை அமைப்பு என்ற புது வகை நிறுவனத்துக்கு அது இடம் கொடுக்கிறது. சண்டையை நடத்துவது, தரவரிசை போடுவது, பட்டம் கொடுப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஊக்கமருந்துத் தடுப்புத் திட்டமும் அந்தக் கூரைக்குள்ளேதான். யு.எஃப்.சி.யை நடத்தும் தாய் நிறுவனம் அதை ஆதரிக்கிறது. ஒரே விதி, ஒழுங்கான சோதனை என்ற வகையில் அதில் நன்மை இல்லாமல் இல்லை. ஆனால் டிக்கெட் விற்கிறவரே விதி எழுதுகிறவராகவும் ஆகும் நாளில், இப்போது இரண்டு புரொமோட்டர்களுக்கு நடுவில் நடக்கும் அந்தப் பேரம்கூட இருக்காது. நீங்கள் காலியாக விட்ட நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள்.

ஆகவே, சட்டம் மாறும்வரை காத்திருக்காமல், அடுத்த கூட்டத்திலேயே நீங்கள் வாக்கெடுத்து முடிவு செய்யக்கூடிய நான்கு காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, சண்டைக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு சோதனை ஒப்பந்தத்தின் முழு நகலும் வர வேண்டும். சோதனை எந்த நாள் தொடங்கும், எந்தப் பட்டியல், யாருக்குத் தகவல் என்று நீங்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். டூசானில் நடந்ததுபோல், ஒப்பந்தத்தில் ஒரு விதியும் ஆணையத்தில் இன்னொரு விதியும் இருந்தால், இரண்டில் கடுமையானதே செல்லும் என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது, ஆய்வக முடிவு உங்களுக்கும் எதிராளிக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். 2019 ஜூலையில் லண்டனில் டில்லியன் ஒயிட்டின் மாதிரியில் தடைப் பொருள் தெரிந்து, சண்டை நாளன்றே ரகசியமாக விசாரணை நடந்து, அவர் ரிங் ஏற அனுமதிக்கப்பட்டார். எதிரே நின்ற ஆஸ்கர் ரிவாஸுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. ஒயிட் மீது தவறில்லை என்று ஆண்டு இறுதியில் முடிவானது. இருந்தாலும் பன்னிரண்டு சுற்று அடி வாங்கப்போகிற மனிதருக்கு, தெரிந்துகொண்டு ஏறுவதா விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை இருந்தது. மற்ற விளையாட்டுகளில் ஊக்கமருந்து பதக்கத்தைத் திருடும். இங்கே அது இன்னொருவர் மண்டையில் இறங்கும்.

மூன்றாவது, சிகிச்சைக்கான விலக்கை ஆணையத்தைத் தவிர யாரும் தரக் கூடாது. அவசரத்தில் கொடுக்க நேர்ந்தால் மணி அடிக்கும் முன் எதிராளிக்குத் தெரிய வேண்டும். சண்டை முடிந்தபின் முன்தேதியிட்டுக் கொடுக்கும் பழக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

நான்காவது, உரிமம் மறுத்ததோடு கை கழுவிவிடாமல், உரிமம் இல்லாதவர்மீதும் சோதனை முடிவைப் பதிவு செய்து மற்ற ஆணையங்களுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டு வாரியம் ஒன்றில் வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை உரிமத்தை நிறுத்தி வையுங்கள். கூடவே, பெரிய சண்டைக்கு முன்னால், அரங்கம் நிறையாத நேரத்தில் சில ஆயிரம் டாலருக்காக மோதும் இளம் வீரர்களில் சிலரையாவது குலுக்கல் முறையில் சோதியுங்கள். அவர்களுக்காக எந்த புரொமோட்டரும் ஒப்பந்தம் போடப்போவதில்லை. ஆனால் உரிமத்தில் அவர்களுக்கும் உங்கள் கையெழுத்துத்தான்.

இந்த நான்கில் எதற்கும் நாடாளுமன்றம் தேவையில்லை, பட்டம் கொடுக்கும் அமைப்புகளின் சம்மதமும் தேவையில்லை. நீங்கள் உரிமம் தராவிட்டால் சண்டையே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒப்பந்த நகலைக் காட்ட மறுக்கும் முதல் புரொமோட்டருக்கு அந்த உரிமத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டாமவர் தானாகவே நகலோடு வருவார்.

இப்படிக்கு,
குத்துச்சண்டை ரசிகன் ஒருவன்